ஆஸ்பத்திரி அறையில் ராமானுஜன்



போன வருடம் நம் மன்றத்தின் வார வகுப்பில் பெரியோர் வாழ்வைப் பற்றிப் பேச என் முறை வந்தது. கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று பேர் கொடுத்துவிட்டேன். லேசான தலைப்பு என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஏழைப் பையன், நாமகிரித் தாயார் அருள், கேம்பிரிட்ஜ், 1729 என்ற எண். இந்த நாலு விஷயத்தையும் வைத்துப் பத்து நிமிஷத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் அந்த உரையை நான் தயார் செய்தது வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரி அறையில். என் தம்பி கட்டிலில் படுத்திருந்தான். பக்கத்து நாற்காலியில் நான், மடியில் நூலகப் புத்தகம்.

தம்பிக்கு அப்போது 15 வயது, படிவம் மூன்று. ஒன்பது வயதிலிருந்தே அவனுக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிந்து போய்விடும். முகமும் காலும் வீங்கும். மருந்து கொடுத்தால் அடங்கும், சில மாதம் நன்றாக இருப்பான், திரும்பவும் வரும். அந்தத் தடவை கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது. தனி அறை, முகக்கவசம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். ஏழு வாரம் இருந்தான். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு, அப்பாவுக்கு லாரி. அதனால் வேலை முடிந்து சாயங்காலம் போகிற முறை எனக்கு.

உண்மையைச் சொல்கிறேன், நான் நல்ல அக்காவாக இல்லை. உள்ளே போனதும் உபதேசம்தான். ஒழுங்காச் சாப்பிடு, மாத்திரையைத் தள்ளிப்போடாதே, சாமியை நம்பு, தைரியமா இரு. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவன் கோயில் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறவன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மிசி வந்து ஏசப் போறாங்க, சும்மா இருடா என்றேன். நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் தாளமும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாவது வாரம் சாப்பாடும் குறைந்தது. அறை அமைதியாக இருந்ததால் எனக்குப் படிக்க வசதி என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த அமைதியில்தான் ராமானுஜனின் வாழ்க்கையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்கள் குலதெய்வம். இரண்டு வயதில் ராமானுஜனுக்கு அம்மை போட்டுப் பிழைத்தார். பள்ளியில் கெட்டிக்கார மாணவர். பதினைந்து பதினாறு வயதில், ஆயிரக்கணக்கான கணிதத் தேற்றங்களை வரிசையாக அடுக்கிய ஓர் ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னையில் இன்னொரு கல்லூரியிலும் அதே கதை. 1909இல் ஜானகி என்ற சிறுமியோடு கல்யாணம். வேலை கிடையாது. கடைசியில் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தன் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். படித்த ஹார்டி, இவரை எப்படியாவது இங்கிலாந்துக்கு வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று நம்பிய காலம் அது. தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே அம்மா சம்மதித்தார் என்று சொல்வார்கள். 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பல் ஏறினார். ஜானகி ஊரிலேயே இருந்துவிட்டார்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இதற்கப்புறம் வருகிற பகுதியைப் பள்ளிக்கூட உரைகளில் யாரும் சொல்வதில்லை.

ராமானுஜன் போய்ச் சேர்ந்த நாலே மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. அவர் சுத்த சைவம். கல்லூரிச் சமையல்கூடத்தை நம்பாமல் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டு நேரமும் தெரியாது, தூக்க நேரமும் தெரியாது. போர் நீள நீள அவருக்கு வேண்டிய பொருள்களும் கிடைப்பது அரிதானது. 1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் படுத்துவிட்டார். வயது 29.

முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு சிறிய மருத்துவ இல்லம். பிறகு மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் சவுரிமுத்து நம்மவர். ராமானுஜனோடு அதே கப்பலில் பயணம் செய்தவர். அதன்பின் டார்பிஷயர் பகுதியில் மேட்லாக் சானடோரியம். 1918ஆம் வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. பிறகு லண்டனில் ஒன்று, கடைசியாகப் பட்னியில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வாசம்.

வயிற்றுப்புண் என்றார்கள், அப்புறம் காசநோய் என்றார்கள். எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஓய்வு, சாப்பாடு, குளிர்ந்த காற்று, இவைதான் வைத்தியம். அறைக்குள் குளிர் அப்படியே வீசும். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஹார்டிக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். முக்கியமான கணித வேலை இருக்கிற நாளில் கணப்பு மூட்டித் தருவதாக அங்கே சொல்லியிருந்தார்களாம். அந்த நாள் வரவே இல்லையாம். ஆனால் குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறதாம். அதனால் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு தினமும் குளியலறைக்குப் போய் உட்கார்ந்து கணக்கு எழுதி அனுப்பப்போவதாகச் சொல்கிறார்.

நான் தம்பியைப் பார்த்தேன். தட்டில் தாளம் போட்டவனை நிறுத்தச் சொன்னது ஞாபகம் வந்தது. உலகமே மதிக்கும் மேதை குளியலறையில் ஒளிந்துகொண்டு செய்த வேலையும் இவன் விரல் செய்த வேலையும் ஒன்றுதான். உடம்பு நோயாளி ஆகிவிட்டது, ஆனால் நான் இன்னும் நான்தான் என்று சொல்கிற வேலை.

ராமானுஜன் சுலபமான நோயாளி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் பிடிவாதம். டாக்டர்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஹார்டிக்கே அவரைச் சமாளிப்பது சிரமமாக இருந்தது. வீட்டிலிருந்தும் ஆறுதல் இல்லை. ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மனைவி ஏன் எழுதவில்லை என்று தெரியாமலே அந்த மனுஷன் படுத்துக் கிடந்தார்.

1918ஆம் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் லண்டனில் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். அந்த நாளில் அது போலீஸ் குற்றம். ஹார்டி ஓடிப்போய்ப் பேசி வழக்கில்லாமல் மீட்டார். தாயாரின் பக்தர், மேதை, மன உறுதி உள்ளவர். அப்படிப்பட்டவருக்கே தனிமை இதைச் செய்தது என்றால், பதினைந்து வயதுப் பையனுக்கு தைரியமா இரு என்று சொல்லிவிட்டு நான் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே!

அந்த வருடம் அவரை மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தியவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் ராமலிங்கம். இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் வேலை பார்த்த தென்னிந்தியப் பொறியாளர். ராமானுஜனுக்கு லண்டனில் பழக்கமானவர். போர்க்காலம், உணவுப் பங்கீடு வேறு. இருந்தும் தன்னால் முடிந்த தின்பண்டங்களை அஞ்சலில் அனுப்பினார். 1918 ஜூன் மாதம் மேட்லாக்குக்கே நேரில் போய்ச் சில நாள் கூட இருந்தார். அங்கே போய் உபதேசம் செய்யவில்லை. என்ன சாப்பிடுகிறார், அங்குள்ள சமையல்காரருக்கு எது தெரியவில்லை, இவருக்கு எது இறங்கவில்லை என்று கவனித்தார். திரும்பி வந்து அதையெல்லாம் ஹார்டிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். பேர் அவ்வளவாகத் தெரியாத மனிதர். ஆனால் கணித மேதையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பாட்டைப் பற்றி யோசித்தவர்.

இன்னொருவர் ஹார்டி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கூச்ச சுபாவம். ஆறுதல் பேச்செல்லாம் அவருக்கு வராது. அவர் கொண்டுவந்தது கணிதம் ஒன்றுதான். ராமானுஜனின் பெயரை ராயல் சொசைட்டிக்குப் பரிந்துரைத்தார்; 1918 மே மாதம் ராமானுஜன் அதன் உறுப்பினர் ஆனார். அதே வருடம் அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்வானார். படுக்கையில் கிடந்தவருக்கு, உன் வேலையை உலகம் மறக்கவில்லை என்று கிடைத்த சேதி அது. மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

1729 கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு நோயாளியைப் பார்க்கப் போன கதை என்பதை நான் கவனித்ததே இல்லை! பட்னி மருத்துவ இல்லத்துக்கு ஹார்டி டாக்சியில் போகிறார். கட்டிலருகே என்ன பேசுவதென்று தெரியவில்லை. வந்த டாக்சியின் எண் 1729, ஒன்றும் விசேஷமில்லாத எண் என்று ஏதோ பேச்செடுக்கிறார். ராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று சொல்கிறார். போட்டுப் பாருங்கள்: 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. ஹார்டி அன்றைக்கு எப்படி இருக்கிறது உடம்பு என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஒரு கணிதக்காரர் இன்னொரு கணிதக்காரரிடம் பேசினார், அவ்வளவுதான்.

நோயோடு இருந்த அதே ஆண்டுகளில்தான் எண்களைப் பிரிக்கும் கணக்கிலும் ஓர் அதிசயத்தைக் கண்டார். 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 விதத்தில் எழுதலாம். 9ஐ 30 விதத்தில், 14ஐ 135 விதத்தில். 4, 9, 14 என்று ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால், வருகிற விடை எப்போதும் ஐந்தால் வகுபடும். அதற்கு முன்னால் யாரும் இதைப் பார்க்கவில்லை.

1919 பிப்ரவரி இறுதியில் கப்பலேறி மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். எலும்பும் தோலுமாக இருந்தார். கும்பகோணம், பிறகு சென்னை சேத்துப்பட்டு. இப்போது ஜானகி பக்கத்தில் இருந்தார். இருபது வயதுப் பெண். வலி வரும்போது வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பார். ராமானுஜன் படுக்கையிலேயே கணக்கு எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு ஒரு புதுக் கண்டுபிடிப்பை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தைப் பற்றிக் கணித ஆய்வாளர்கள் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் 26ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 32.

அந்தக் கடைசி வருடத் தாள்கள் பிறகு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. பல ஆண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்து 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்தன. நோய்ப்படுக்கையில் ஒரு மனிதன் எழுதியவை அவை. அவன் எழுதட்டும் என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் ஒரு சின்னப் பெண்.

தம்பி தங்கைகளே, ராமலிங்கமும் ஹார்டியும் ஜானகியும் அவரைச் சாவிலிருந்து காப்பாற்றவில்லை. அவர்கள் கையில் அது இல்லை. கடைசிவரை அவர் ராமானுஜனாகவே இருப்பதற்குத்தான் துணை நின்றார்கள். பக்கத்தில் இருப்பவர்களால் முடிந்தது அதுதான், அது சின்னக் காரியமும் இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டுத் தம்பியிடம் ஒரே கேள்வி கேட்டேன். அன்னிக்குத் தட்டுல போட்டியே, அது என்ன தாளம்டா?

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான். குழுவில் புதுசாக ஒரு அடி பழகிக்கொண்டிருந்தார்களாம். இவன் பாதியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். மீதியை எப்படி முடித்தார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போய்க் குழுவின் மூத்த அண்ணனிடம் பேசினேன். தொற்று பயத்தால் பையன்களை உள்ளே விட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பயிற்சியையும் போனில் பதிவு செய்து வாட்சப்பில் அனுப்பச் சொன்னேன். தம்பி கேட்டுவிட்டு, யார் அடி பிந்துகிறது, எங்கே வேகம் கூடுகிறது என்று குரல் பதிவு அனுப்புவான். அந்தப் பக்கமிருந்து ஏச்சும் சிரிப்பும் வரும். புது அடியின் முடிவை நீயே யோசிச்சு அனுப்புடா என்று அந்த அண்ணன் அவனிடமே வேலையைக் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டையும் கவனித்தோம். அவனுக்கு உப்பு ஆகாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவனுக்கு மண் மாதிரி இருந்தது. உணவு ஆலோசகரிடம் கேட்டோம். உப்பில்லாமல் மிளகு, எலுமிச்சை, கறிவேப்பிலை போட்டு வீட்டில் சமைக்கலாம், எதை எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மா கொண்டுவந்த கோழிக் குழம்பை முழுசாகச் சாப்பிட்டான்.

ஒரு ராத்திரி நான் கிளம்பும்போது, இப்படியே இருக்கிறதுக்கு இல்லாமலே போயிடலாம் போலிருக்கு கா என்றான். முன்னால் என்றால் அப்படியெல்லாம் பேசாதேடா என்று வாயை அடைத்திருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். அன்றிரவே மிசியிடமும் மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். மன ஆலோசகர் வந்தார், பல தடவை வந்தார். இப்படி ஒரு வார்த்தை உங்கள் காதில் விழுந்தால் ரகசியமாக வைத்திருக்காதீர்கள். அதைச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

தம்பிக்குப் பூரண குணமாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இந்த வருடமும் ஒரு தடவை மூன்று வாரம் படுத்தான். முகம் மருந்தால் உப்பியிருப்பதால் படம் எடுத்தால் இன்னும் கோபம் வரும். ஆனால் பையில் துணிக்கு முன்னால் உறுமிக் குச்சியை எடுத்து வைக்கிறான்.

உங்கள் வகுப்பிலோ கோயிலிலோ அடிக்கடி காணாமல் போகிற ஒரு பையனோ பிள்ளையோ இருக்கலாம். முதல் வாரம் பழக்கூடையோடு எல்லாரும் போவோம். ஐந்தாவது வாரம் யாரும் போக மாட்டோம். அந்த ஐந்தாவது வாரம் போங்கள். உள்ளே விடாவிட்டால் குரல் பதிவு அனுப்புங்கள். வகுப்பில் நடந்த பாடத்தை, குழுவில் நடந்த சண்டையை, எதையாவது சொல்லுங்கள். சில அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடக்கிறது. பெற்றோரிடம் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். ஹார்டிக்கும் தெரியவில்லை. டாக்சி எண்ணைத்தான் சொன்னார்.

வார வகுப்பில் என் உரை பத்து நிமிஷத்தில் முடியவில்லை. முடித்ததும் தம்பியின் உறுமிக் குழு அண்ணன் எழுந்து, அடுத்த மாதம் யார் யார் எந்த நாள் போவது என்று ஒரு தாளில் பேர் எழுத ஆரம்பித்தார். அந்தத் தாள் இப்போதும் மன்றத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இடம் காலி இருக்கிறது, வந்து உங்கள் பேரையும் எழுதுங்கள்.